சாய்ந்த மரத்தைப் படம் எடுக்கிறீர்களா?

2023 ஒக்டோபர் 6, கொழும்பு கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதிலிருந்து மழை பிடித்தால் எல்லோரும் அண்ணாந்து கிளையைத்தான் பார்க்கிறோம். அடியைப் பாருங்கள். வேரடியில் தட்டுத் தட்டாகக் காளான் இருந்தால் உள்ளே உக்கத் தொடங்கியிருக்கலாம். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து மேலெழும்பியிருந்தால் இன்னும் மோசம். கிட்டப் போகவே வேண்டாம்.

மாநகர சபைக்கு அறிவிக்க மூன்று படம் போதும். முழு மரமும் தெரிய ஒன்று. போனைச் சரிக்காமல், பக்கத்துக் கட்டடச் சுவரோ விளக்குக் கம்பமோ சேர்ந்து விழும்படி எடுங்கள், அப்போதுதான் சாய்வு எவ்வளவு என்று புரியும். மண் வெடிக்காமல் இருந்தால் மட்டும் காளானுக்குக் கிட்டத்தில் ஒன்று, அளவுக்குப் பக்கத்தில் ஒரு பேனை. அப்புறம் கடைப் பெயர்ப்பலகையோ வீதிப் பெயரோ தெரிய ஒன்று. சாயங்கால வெளிச்சத்தில் அழகாக எடுக்கும் ஆசை எனக்கும் உண்டு, ஆனால் இதற்கு நிழல் விழாத மப்பு நேரமே நல்லது.

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தோடு பதிவான இடவிபரம் அழிந்துவிடும். ‘டொகியுமென்ட்’ ஆக அனுப்புங்கள், அப்படியே போகும். போன் கமராவில் லொகேஷன் போட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.