கிட்டார் கோர்ட்டை சுரத்தால் பிடியுங்கள்

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் கிட்டார் பழகும் நம் பிள்ளைகள் பலர் சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் படித்தவர்கள். அவர்களுக்குக் கோர்ட் தியரி, அதாவது சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் முறை, பாதி தெரிந்த பாடம்தான். கோர்ட் படங்களை மனப்பாடம் செய்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

ஏ தந்தியை (மேலிருந்து இரண்டாவது) மட்டும் மீட்டி, அதை 'ச' என்று வையுங்கள். நாலாம் ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே உள்ள கம்பி) அந்தர காந்தாரம் ('க'), ஏழாம் ஃபிரெட் பஞ்சமம் ('ப'). ச, க, ப: இதுதான் ஏ மேஜர். நாலாம் ஃபிரெட்டை விட்டு மூன்றாவதை அழுத்தினால் சாதாரண காந்தாரம், சற்றே தாழ்ந்த 'க'. கோர்ட் ஏ மைனராகிவிடும். வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள், அதை மட்டும் விடாதீர்கள்.

இனி வழக்கமான ஏ மேஜரைப் பிடியுங்கள். ஐந்து தந்தி ஒலித்தாலும் வருவது ஏ, ஈ, ஏ, சி ஷார்ப், ஈ. சுரம் மூன்றேதான்! கீழிருந்து இரண்டாவது தந்தியில் இருக்கும் விரலை ஒரு ஃபிரெட் பின்னுக்கு எடுங்கள். காந்தாரம் இறங்கும், ஏ மைனர் கேட்கும். டி மேஜரில் ஆகக் கீழ்த் தந்தியிலும் இதே வேலைதான்.

அடுத்தது ச, ம, ப மூன்றின் மேலும் மேஜர் கோர்ட் கட்டுவது. ஏ-யில் என்றால் ஏ, டி, ஈ. நம் இலங்கைப் பைலாப் பாட்டுகள் பலவற்றுக்கு இந்த மூன்றே போதும். வீட்டு விசேஷத்தில் துணிந்து வாசிக்கலாம்.