எடை ஏறிய வயதும் இடுப்பு மூட்டின் வடிவமும்: தரவு அலசத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

இங்கே பார்க்கப்போவது இடுப்பின் சுற்றளவை அல்ல, தொடை எலும்பின் மேல்முனையை. உருண்டையான தலை, அதைத் தாங்கும் கழுத்து, கழுத்தும் தண்டும் சேரும் கோணம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். மூட்டுத் தேய்மானத்திலும் எலும்பு முறிவிலும் இந்த வடிவத்துக்குப் பங்கு உண்டு.

நடக்கும்போது இந்த மூட்டில் இறங்கும் விசை உடல் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-ல் எழுதினார். வளர்ச்சி முடிந்தபின் எலும்பு நீளாது. ஆனால் வெளிப்புறத்தில் மெல்லப் படிந்து அகலமாகும். அப்படியானால் இளவயதிலிருந்தே சுமந்த எடையும், 50-க்கு மேல் ஏறிய எடையும் ஒரே தடத்தைத்தான் விடுமா? இதைத் தரவில் தேடுவது எப்படி என்று பார்ப்போம்.

படி 1: ஒரே ஆளின் எடை, பல வயதுகளில்

1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்த 5,362 பேரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். அவர்களின் எடையும் உயரமும் சிறுவயது முதல் பதிவாகியிருக்கின்றன. 60 முதல் 64 வயதில் இடுப்பு மூட்டையும் ஸ்கேன் செய்தார்கள். இப்படி அளந்த எண்கள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஞாபகத்திலிருந்து சொல்லும் எடை இருந்தாலும் பயன்படுத்தலாம். ஆனால் பலரும் குறைத்தே சொல்வார்கள் என்பதால் அதைத் தனி நெடுவரிசையில் வையுங்கள். கர்ப்ப கால எடையைச் சேர்க்காதீர்கள். முதுமையில் உயரம் குறைவதால், எடை மாறாவிட்டாலும் பிஎம்ஐ (கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) ஏறியதுபோலத் தெரியும். அந்தந்த வயது உயரத்தையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

படி 2: படத்தைச் சரிபாருங்கள்

பெரும்பாலும் டெக்ஸா ஸ்கேன் (எலும்பு அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே) படம்தான் கிடைக்கும். கதிர்வீச்சு மிகக் குறைவு, அதனால் நிறைய பேருக்கு எடுக்க முடியும். படம் எடுக்கும்போது பாதம் உள்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். வெளிநோக்கித் திரும்பிவிட்டால் கழுத்து குட்டையாகவும் கோணம் பெரிதாகவும் தெரியும், அது எலும்பின் உண்மையான வடிவம் அல்ல. உடல் பருமனானவர்களின் படத்தில் எலும்பின் விளிம்பு மங்கும். நாம் தேடுவதே எடையின் தாக்கம் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

படி 3: வடிவத்தை எண்ணாக்குங்கள்

எலும்பின் விளிம்பில் குறிப்புப் புள்ளிகளை, எல்லாப் படங்களிலும் ஒரே வரிசைமுறையில் வையுங்கள். சில படங்களுக்கு, முதலில் வைத்ததைப் பார்க்காமல் இரண்டாம் முறையும் வைத்து ஒப்பிடுங்கள். அப்புறம் புரோகிரஸ்டிஸ் முறையில் எல்லாப் படங்களையும் ஒரே அளவுக்கும் திசைக்கும் கொண்டுவந்து, முதன்மைக் கூறு பகுப்பாய்வு (பல புள்ளிகளின் மாற்றங்களைச் சில முக்கியக் கூறுகளாகச் சுருக்கும் முறை) செய்யுங்கள். ஆர் மென்பொருளில் ஜியோமார்ஃப் தொகுப்பு இதைச் செய்துதரும். ஒவ்வொரு கூறும் ஒருவகை வடிவ மாற்றம்; ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு மதிப்பெண் கிடைக்கும்.

படி 4: எடை மாற்றத்தைப் பிரியுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். 165 செ.மீ. உயரமுள்ள இருவர் 62 வயதில் 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இருவரின் பிஎம்ஐயும் 27.5. ஒருவர் 25 வயதில் 72 கிலோ (26.4), மற்றவர் 52 கிலோ (19.1). இன்றைய எடையை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்று. அவர்களின் மூட்டு கடந்துவந்த ஆண்டுகளோ வேறு வேறு.

சரி, தொடக்க எடை, இன்றைய எடை, இடையில் ஏறிய எடை மூன்றையும் ஒரே சமன்பாட்டில் போட்டால்? அது ஓடாது. மூன்றாவது என்பது முதல் இரண்டின் வித்தியாசம்தான். புதிதாக எதுவும் அதில் இல்லை. அதற்குப் பதிலாக வயதைக் காலகட்டங்களாகப் பிரியுங்கள். முந்தைய பிஎம்ஐ அளவுகளை வைத்து அடுத்த அளவைக் கணித்து, உண்மை அளவுக்கும் கணிப்புக்கும் உள்ள எச்சத்தை எடுங்கள். ‘இவர் இந்தக் காலகட்டத்தில் எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூட ஏறினார்’ என்பதை அந்த எச்சம் சொல்லும். முந்தைய அளவுகளோடு அது ஒட்டிக்கொண்டிருக்காது என்பதால் காலகட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது.

படி 5: தொடர்பைப் பாருங்கள்

வடிவ மதிப்பெண்ணை ஒருபக்கம், எச்சங்களை மறுபக்கம் வைத்து ரெக்ரஷன் (ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடும் முறை) செய்யுங்கள். ஆண், பெண் இருவரின் எலும்பு வடிவமும் வேறு என்பதால் முதலில் தனித்தனியாக ஓட்டுவது நல்லது. உயரம், உடலுழைப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றையும் சேருங்கள்.

படி 6: முடிவைப் படமாக வரையுங்கள்

கூறுகளின் கூட்டல், கழித்தல் குறிக்குத் தனியாகப் பொருளில்லை. மென்பொருள் எந்தப் பக்கத்தையும் கூட்டலாக்கலாம். அதனால் சராசரியிலிருந்து இருபுறமும் 2 திட்ட விலக்கம் தள்ளி வடிவத்தை வரைந்து பாருங்கள். கழுத்து அகலமாகிறதா, தலை தட்டையாகிறதா என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஒரே கூறில் இரண்டும் சேர்ந்தே மாறக்கூடும், எனவே ஒரு கூறுக்கு ‘கழுத்து அகலம்’ என்று பெயர் சூட்டிவிடாதீர்கள்.

செயற்கை மூட்டு பொருத்தியவர்களின் அந்த மூட்டு இந்த அலசலில் இருக்காது. மிகவும் தேய்ந்த மூட்டுகள் அவர்களிடம்தான் இருந்திருக்கும். அவர்கள் விடுபடுவதால் தொடர்பு உள்ளதைவிட மெலிந்து தெரியலாம். எத்தனை பேர் அப்படி விடுபட்டார்கள், அவர்களின் எடை எந்த வயதில் ஏறியிருந்தது என்பதை முடிவு அட்டவணைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.