பியானோ மாணவர்களுக்கு விளையாட்டின் வழியே இசை வரலாறு

இசையமைப்பாளர் பாக் 1685இல் பிறந்தார் என்று பத்து முறை சொன்னாலும் மறந்துவிடும் மாணவர், மொஸார்ட்டின் பியானோ எங்கே முடிந்தது என்பதைத் தம் விரல்களாலேயே கண்டுகொண்டால் மறப்பதில்லை. ஆகவே வரலாற்று விளையாட்டு எதுவானாலும், அவர் தற்போது பயிலும் பாடல்களிலிருந்து தொடங்குவது நல்லது. அவர் வாசித்தோ கேட்டோ அறியாத இசையமைப்பாளரின் பெயர் விளையாட்டு அட்டையில் ஏற வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆட்டத்துக்கு இரண்டு துண்டுத் துணி போதும். இன்றைய பியானோவில் 88 கட்டைகள் உள்ளன; மொஸார்ட் காலத்துப் பியானோக்களில் பெரும்பாலும் 5 ஸ்தாயி, அதாவது 61 கட்டைகளே இருந்தன. கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்து எண்ணி, இடது ஓரத்தில் 8 கட்டைகளையும் வலது ஓரத்தில் 19 கட்டைகளையும் மூடிவிட்டால், எஞ்சியிருப்பது ஏறத்தாழ அந்தக் காலத்துக் கருவியின் வீச்சு. மாணவர் தம் பாடல் ஒவ்வொன்றையும் எடுத்து, அது இந்த எல்லைக்குள் அடங்குமா என்று முதலில் ஊகித்துச் சொல்ல வேண்டும்; பிறகு வாசித்துப் பார்க்க வேண்டும். ஊகம் சரியானால் ஒரு புள்ளி, வாசிக்கையில் விரல் துணியைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. சற்று முதிர்ந்த மாணவரானால், பீத்தோவனின் தொடக்ககால சொனாட்டாக்களில் மேல்நோக்கி ஏறும் மெட்டு சில இடங்களில் ஏன் சட்டென்று திரும்பிவிடுகிறது என்று கேட்கலாம். விடை துணிக்கு அடியிலேயே இருக்கிறது: கட்டைகள் அங்கே முடிந்துவிட்டன. 1818இல் லண்டனிலிருந்து அவரிடம் வந்து சேர்ந்த பிராட்வுட் பியானோவில் 6 ஸ்தாயி இருந்தது என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

அடுத்தது பகடை. பகடை உருட்டி நடன இசை அமைக்கும் முறையை ஜெர்மானிய இசையமைப்பாளர் கிர்ன்பெர்கர் 1757இலேயே அச்சிட்டு வெளியிட்டார். மொஸார்ட்டின் பெயரிலும் இத்தகைய ஆட்டம் ஒன்று உலவுகிறது. அது அவருடையதுதான் என்று உறுதிப்படுத்தப்படவில்லை என்பதை மாணவரிடம் மறைக்க வேண்டாம். பழைய ஆட்டங்களில் பெரும்பாலும் இரண்டு பகடைகள் உண்டு. ஆனால் இரண்டை உருட்டினால் 7 அடிக்கடி விழும், 2 அரிதாகவே விழும் என்பதால் வகுப்புக்கு ஒன்றே போதும். மூன்று தாள அடிகள் கொண்ட நான்கு பார்களை (தாள வட்டங்களை) எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாருக்கு சி கோர்டு (கோர்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு), இரண்டாவதற்கு எஃப், மூன்றாவதற்கு ஜி, நான்காவதற்கு மீண்டும் சி என வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு சிறு மெட்டுகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதுங்கள். மாணவர் நான்கு முறை உருட்டி, கிடைத்த சீட்டுகளை வரிசையாக ஒட்டி வாசிக்கட்டும். மொத்தம் 1,296 மினுவெட்டுகள் (மூன்றடித் தாள நடன இசை) உருவாகலாம். எதுவும் காதை உறுத்தாது. அது ஏன் என்று கேட்பதே பாடம். பிறகு, பின்னாளில் வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் பாடலொன்றின் நான்கு பார்களை நகலெடுத்து வெட்டிக் குலுக்கி வாசிக்கச் செய்தால், 18ஆம் நூற்றாண்டு நடன இசையின் சீரான கட்டமைப்பு என்னவென்பதை நாம் விளக்குவதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார்.

குரு–சீடர் சங்கிலி ஐந்து நிமிட ஆட்டம். ஹைடன், பீத்தோவன், செர்னி, லிஸ்ட் ஆகிய நான்கு பெயர்களைக் கலைத்துப் போட்டு, யார் யாரிடம் பயின்றார் என்று அடுக்கச் சொல்லுங்கள். செர்னியின் பயிற்சிகளை அலுப்போடு வாசிக்கும் மாணவர் இந்தச் சங்கிலியில் அவருடைய இடத்தைக் கண்டு நிச்சயம் வியப்பார்.

காலக்கோட்டுக்கு ஒரு கயிறும் சில கிளிப்புகளும் வேண்டும். அட்டையின் முன்புறம் இசையமைப்பாளரின் அல்லது பாடலின் பெயரையும் பின்புறம் ஆண்டையும் எழுதி, காலவரிசைப்படி கயிற்றில் மாட்டச் சொல்லுங்கள். சரியான ஆண்டைச் சொன்னால் புள்ளி என்று வைத்தால் அது வெறும் தேர்வாகிவிடும். இரு பக்கத்து அட்டைகளும் சரியாக அமைந்தால் புள்ளி என்று வையுங்கள். 1685இல் பாக், ஹேண்டல், டொமினிகோ ஸ்கார்லாட்டி மூவரும் பிறந்தனர். ஷோபனும் ஷூமானும் 1810இல் பிறந்தனர். இவர்களது அட்டைகள் ஒரே கிளிப்பில் வந்து நிற்பதைப் பார்ப்பதே மாணவர்களுக்குக் கொண்டாட்டம். பீத்தோவனின் 'ஃப்யூர் எலிசே' பாடலின் அட்டையைக் கடைசியில் கொடுங்கள். அது 1810இல் எழுதப்பட்டது. அச்சில் வந்ததோ 1867இல், பீத்தோவன் மறைந்து 40 ஆண்டுகள் கழித்து. கயிற்றில் அதை எங்கே மாட்டுவது என்ற வாதம் எழுந்தால், எந்த ஆண்டைத் தேர்ந்தாலும் தக்க காரணம் சொல்பவருக்கே புள்ளியைக் கொடுங்கள்.