ஆந்தை கூடு வெச்ச வீட்டுல நாம பண்ற தப்புங்க

சென்னை, மதுரை மாதிரி ஊர்ல ஆந்தைக்கு சாப்பாட்டு பஞ்சம்லாம் பெருசா இல்ல, குப்பத்தொட்டி பக்கம் எலி, தெருவிளக்கு அடில பூச்சி. முட்டை வைக்க பொந்துதான் கிடைக்கறதில்ல. புள்ளி ஆந்தை தானா மரத்த குடையாது, பழைய மரத்து ஓட்டையதான் தேடும், அதுக்கும் மைனா, கிளியோட போட்டி. பட்ட கிளைன்னு நாம வெட்டிட்டா அடுத்து நம்ம சுவர்தான். கூகைன்னா, அதான் வெள்ளை மூஞ்சி ஆந்தை, அதுக்கு பரண், கோபுரம், மோட்டார் ரூம்.

இங்கதான் முதல் தப்பு. புள்ளி ஆந்தை முட்டை வைக்கறது நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும், நடுவுல பொங்கல் வருது, வெள்ளையடிக்கறப்ப மேஸ்திரி எல்லா ஓட்டையும் சிமெண்ட் வெச்சு பூசிட்டு போயிடுவாரு, உள்ள குஞ்சு இருந்தா அவ்ளோதான். பூசறதுக்கு முன்னாடி சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, ஓட்டைக்கு கீழ வெள்ளையா எச்சம் வழிஞ்சிருந்தா மே மாசம் வரைக்கும் விட்டுடுங்க. கூகைக்கு சீசன் கணக்கே வேற, அதனால பரண அடைக்கறதுன்னா எந்த மாசமா இருந்தாலும் பாத்துட்டு அடைங்க. கூகை குஞ்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு சீறும், அத பாம்புன்னு நெனச்சு கம்பு விட்டு குத்தறவங்க இருக்காங்க!

எலி கேக் அத விட மோசம். புரோமாடியோலோன்ற எலி விஷம் போட்ட கேக்க தின்ன எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடிட்டு திரியும், ஆந்தைக்கு சுலபமா மாட்டும், அதையே குஞ்சுக்கும் ஊட்டும், ரத்தம் உறையாம உள்ளுக்குள்ளயே கசிஞ்சு சாகும். எலிய புடிக்கறவனுக்கே விஷம் வெச்சா எப்டிங்க? கூண்டுப்பொறி வைங்க, பசை அட்டை வேணாம், ஆந்தையே அதுல ஒட்டிக்கும்.

குஞ்சு கீழ விழுந்தா பாலும் சோறும் ஊட்டாதீங்க, அது கறி திங்கற ஜாதி. மனுஷ வாடை பட்டா தாய் சேர்க்காதுன்றது சும்மா பேச்சு. அடிபடலன்னா கூட்டுலயே வைங்க, எட்டலன்னா அட்டப்பெட்டில துணி போட்டு பக்கத்துல உயரமா கட்டுங்க, ராத்திரி தாய் வந்து ஊட்டும். பகல்ல மட்டும் காக்கா கொத்தாம பாத்துக்கணும். அடிபட்டிருந்தா வனத்துறைக்கு போன் பண்ணுங்க, பாவம்னு வீட்டுல வளக்கறது 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம்.

கத்தினா சாவு வரும்னு கல்லெறியறவங்களுக்கு என்னத்த சொல்ல. ஆனா ரீல்ஸுக்காக பொந்துக்குள்ள டார்ச் அடிக்கறவங்களும் அதே கேஸ்தான், அடிக்கடி தொந்தரவு பண்ணா ஜோடி முட்டையவே விட்டுட்டு போயிடும்.