வேப்பமூடு பூங்காவில் நோட்டும் கையுமாக: தவிர்க்க வேண்டிய தவறுகள்

களப்பணி மாதம் வந்துவிட்டால் நாகர்கோவில் வேப்பமூடு பூங்காவில் கல்லூரிப் பிள்ளைகள் நோட்டும் கையுமாக வந்து உட்காருவார்கள். யார் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. வருடத்துக்கு வருடம் பிள்ளைகள்தான் மாறுகிறார்கள். தவறுகள் மாறுவதில்லை. எல்லாம் நாங்களும் ஒரு காலத்தில் செய்தவைதான். போனை அணைத்து வையுங்கள், தொப்பி போடுங்கள் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும், அதை விட்டுவிடுவோம்.

ஆளைக் கண்டதும் பெயர் சூட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது.

ஒரு மாணவியின் நோட்டில் இப்படி ஒரு வரி: "மூன்றாம் பெஞ்ச். மலையாளக் குடும்பம். சுற்றுலா." எப்படித் தெரிந்தது? அம்மா பிள்ளையிடம் "வெள்ளம் குடி மக்ளே" என்றாராம், பிறகு "மனசிலாச்சா" என்றாராம். அப்பா கட்டியிருந்தது கரை வேட்டியாம். குமரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிற வரியா இது? அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான், அப்போது சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி. விளவங்கோட்டுப் பக்கத்துத் தமிழிலேயே தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். புரிந்ததா என்பதற்கு மனசிலாச்சாதான்.

தவறு மொழியோடு நிற்கவில்லை. அவர்கள் கையில் என்ன இருந்தது என்று கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏதோ பெரிய கவர்" என்றாள். எக்ஸ்ரே கவர். மடியில் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறாள், நோட்டில் இல்லை. "சுற்றுலா" என்று எழுதியதும் கண்ணுக்கு வேலை முடிந்துவிட்டது. அதற்கு ஒத்துவராத கவர் கைக்கு வரவில்லை. மார்த்தாண்டத்திலிருந்து டாக்டரைப் பார்க்க வந்து, முறைக்காகக் காத்திருந்தவர்களாகக்கூட இருக்கலாம். இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்தச் சாயங்காலம் திரும்பி வராது. இப்படிப் பத்து நாள் எழுதினால் நோட்டு முழுக்க "காதலர்கள்", "வேலை இல்லாதவர்", "தனிமையில் வாடும் பாட்டா" என்று இருக்கும். அதிலிருந்து எடுக்க ஒன்றும் இருக்காது.

செய்ய வேண்டியது இது. பக்கத்தை நெடுக்காக மூன்றாகப் பிரியுங்கள். இடது ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு நேரம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டாயம் குறிக்க வேண்டும். நடுவில் அகலமாகப் பார்த்ததும் கேட்டதும். வலது ஓரம் நினைத்தது. நடுப்பத்தியில் உடை, கையிலிருக்கும் பொருள், உடலின் திசை, காதில் விழுந்த சொல் அப்படியே. "வேலை இல்லாதவர்" என்று எழுதாமல் இப்படி எழுதுங்கள்: "4.10. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆண். பையில் இரண்டு தண்ணீர் பாட்டில், ஒன்றில் கார்ட்டூன் படம். வாசலைப் பார்க்கிறார். 4.15, மறுபடி வாசல். 5.40, எழுகிறார், புத்தகப் பையோடு சிறுமி." டியூஷன் விடும் நேரம் அது என்று நீங்கள் ஊகிக்கவே வேண்டாம், நான்கு நாள் குறிப்பைச் சேர்த்து வாசித்தால் தானே தெரிந்துவிடும். ஊகம் வந்தால் வலது ஓரத்தில் எழுதுங்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு. அடக்கி வைத்தால் அது நடுப்பத்திக்குள் நுழைந்துவிடும்.

நடப்பவரையும் இருப்பவரையும் ஒன்றாக எண்ணுவது

எட்டுச் சுற்று நடக்கும் அண்ணாச்சி எட்டுப் பேராகிவிடுவார். இருப்பவர்களை எண்ண இடமிருந்து வலமாக ஒரே ஒரு பார்வை. கண் கடந்த பிறகு வந்து உட்காருபவர் அடுத்த சுற்றுக் கணக்கு. அமெரிக்காவில் தாமஸ் மெக்கென்சியும் உடன் ஆய்வாளர்களும் 2006-ல் வெளியிட்ட சோபார்க் முறையும் பூங்காவைப் பகுதிகளாகப் பிரித்து இப்படித்தான் எண்ணச் சொல்கிறது. நடப்பவர்களுக்கு ஒரு மரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் இடையே மனதில் கோடு போட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும், கோட்டைக் கடப்பவர்களை எண்ணுங்கள். அது கடந்த தடவைகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை இல்லை. பட்டியலின் தலைப்பிலேயே அப்படி எழுதிவிடுங்கள்.

சாயங்காலம் மட்டும் போவது

காலை ஆறு மணிக் கூட்டம் வேறு, மதியம் நிழல் தேடி வருகிறவர்கள் வேறு. ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் நாகராஜா கோவிலுக்கு வரும் கூட்டம் ஊரையே நிறைக்கும்; ஓணத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை. அந்த நாட்களின் எண்ணிக்கையைச் சாதாரண நாளோடு கலந்து சராசரி போடாதீர்கள். தனித் தாளில் வையுங்கள்.

ஒளிந்து பார்ப்பது

மரத்துக்குப் பின்னால் நின்று ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தத் தாயும் சந்தேகப்படுவாள், படவும் வேண்டும். நடைபாதை ஓரத்துப் பெஞ்சில் வெளிப்படையாக உட்காருங்கள். முதல் இருபது நிமிடம் மற்றவர்கள் உங்களைத்தான் பார்ப்பார்கள், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

போட்டோ

வேண்டாம்.

காலிப் பெஞ்சை விட்டுவிடுவது

ஆள் இருக்கும் பெஞ்சைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். நல்ல நிழலிலும் ஒரு பெஞ்ச் நாள் முழுக்கக் காலியாகக் கிடந்தால் எழுந்து போய்ப் பாருங்கள்: மேலே காக்கைக் கூடு, கீழே எறும்பு, பக்கத்தில் குப்பைத்தொட்டி. 1970-களில் நியூயார்க் சதுக்கங்களைப் படமெடுத்து ஆராய்ந்த வில்லியம் வைட், நகர்த்தக்கூடிய நாற்காலியை மக்கள் உட்காரும் முன் சும்மாவேனும் கொஞ்சம் இழுத்துப் போடுவதைக் கவனித்தார். நம் சிமெண்ட் பெஞ்சை இழுக்க முடியாது. அதனால் துண்டை எந்த முனையில் விரிக்கிறார்கள், பையை எந்தப் பக்கம் வைத்துப் பக்கத்து இடத்தை அடைக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

மழை வந்ததும் கிளம்புவது

குமரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. முதல் தூறல் விழுந்தவுடன் பிள்ளைகள் நோட்டை மூடிவிடுகிறார்கள். யார் யாருடைய குடைக்குள் போகிறார், முன்பின் தெரியாதவர்கள் கூரைக்கடியில் எவ்வளவு இடம் விட்டு நிற்கிறார்கள், முதலில் பேச்சுக் கொடுப்பவர் யார் என்பதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் கிடைக்கும். ஈரத் தாளில் பேனா எழுதாது. பென்சில் கொண்டு போங்கள், இரண்டு.