மௌனத்துக்கு மன்னிப்பு கேட்கும்போது சறுக்கும் இடங்கள்

கோபத்தில் திட்டியிருந்தால் மன்னிப்பு கேட்பது சுலபம். 'அன்றைக்கு அப்படிப் பேசியது தப்பு' என்று சொல்லிவிடலாம். மாதக்கணக்கில் கேட்டதற்கெல்லாம் 'ம்' மட்டும் போட்டு ஒதுங்கியிருந்தவர் எதைச் சொல்லிக் கேட்பது? வேலை போன பிறகு நான்கு மாதம் நான் அப்படித்தான் வீட்டில் இருந்தேன். மனைவியிடம் மன்னிப்பு கேட்கப் போய் அதிலும் சொதப்பினேன்.

'நான் ஏதாவது தப்பு செய்திருந்தால் மன்னித்துக்கொள்' என்றுதான் ஆரம்பித்தேன். அந்த 'ஏதாவது' போதும், எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று அவளுக்குப் புரிய. அவளிடமோ நாள்வாரியாகக் கணக்கு இருந்தது. மகளுக்குக் காய்ச்சல் வந்த இரவு அவள் தனியாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டேன். அதை என் வாயால் சொன்ன பிறகுதான் அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

2016-இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் மன்னிப்பின் ஆறு கூறுகளைச் சோதித்தார்கள். 'தவறு என்னுடையது' என்று ஏற்பதற்கே மக்கள் அதிக மதிப்பு கொடுத்தார்கள். அடுத்தது 'சரிசெய்கிறேன்' என்பது. 'என்னை மன்னித்துவிடு' என்ற வேண்டுகோளுக்குக் கடைசி இடம். வரிக் கணக்கில் தவறு செய்த கணக்காளர் ஒருவரைக் கற்பனை செய்து நடந்த ஆய்வு அது. ஆனாலும் என் வீட்டுக்கு அப்படியே பொருந்தியது.

காரணத்தை முதலில் எடுத்துவைப்பது இன்னொரு சறுக்கல். வேலை போன கவலை உண்மைதான். ஆனால் அதைச் சொன்னதும் அவள் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய வருத்தம் பேசப்படாமலே உள்ளே போய்விட்டது. அவர்களாகக் கேட்கும்போது காரணம் சொன்னால் போதும்.

புடவை, பூ, நடு இரவில் நீள நீளமான வாட்ஸ்அப் செய்தி, அம்மாவைத் தூது விடுவது... எல்லாம் நேரில் பேசப் பயந்து தேடும் சந்துகள்.

அப்புறம், 'அதான் கேட்டுவிட்டேனே, இன்னும் என்ன?' நான்கு மாதம் எடுத்துக்கொண்டவனுக்கு நான்கு நாள் பொறுக்கவில்லை! அவளுடைய கோபம் மூன்றாவது வாரத்தில்தான் வந்தது, அதுவும் மாவு புளித்துப்போனதைச் சாக்காக வைத்து. அந்த நேரத்தில் மறுபடி வாயை மூடிக்கொள்ளத்தான் தோன்றும். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாக மண்டையில் ஏறாது என்கிறார் தம்பதிகளைப் பல்லாண்டு ஆராய்ந்த ஜான் காட்மன். குறைந்தது 20 நிமிடம் விலகியிருங்கள் என்பது அவர் யோசனை. விலகலாம், ஆனால் எப்போது திரும்பி வருவோம் என்பதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

'அரை மணியில் வருகிறேன், வந்து பேசுவோம்' என்று செருப்பை மாட்டினேன். கோபம் கொஞ்சமும் குறையாத குரலில் உள்ளேயிருந்து சொன்னாள்: "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க."