எடையையும் பற்களையும் ஒரே நோட்டில் கவனிப்பது எப்படி

உடல் பருத்தவர்களுக்குப் பல் சொத்தை கட்டாயம் வரும் என்றோ, ஒல்லியானவர்களுக்கு வராது என்றோ சொல்ல ஆதாரம் இல்லை. பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளில் சில, பருமனானவர்களிடம் சொத்தை கூடுதல் என்கின்றன. சிலவற்றில் வேறுபாடே தெரியவில்லை. எடை மிகக் குறைந்தவர்களிடமும் சொத்தை மிகுந்திருப்பதாகக் காட்டியவையும் உண்டு. வயது, வருமானம், புகைப்பழக்கம், பல் மருத்துவரிடம் போகும் வசதி ஆகிய அனைத்தும் இந்தக் கணக்கில் குறுக்கிடுவதால், எடை இயந்திரத்தின் முள்ளைப் பார்த்துப் பற்களின் நிலையை யாரும் சொல்லிவிட முடியாது. இரண்டையும் பிணைக்கும் பொதுக் காரணம் சர்க்கரைதான். ஆனால் அது எடையைக் கூட்டும் வழி வேறு, பல்லைக் கரைக்கும் வழி வேறு: எடைக்கு எவ்வளவு என்பது முக்கியம், பல்லுக்கோ எத்தனை முறை என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

பல்லின் மேல் படியும் படலத்தில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே படலத்தின் பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) 5.5க்குக் கீழே இறங்கி, பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமலின் தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அந்த அமிலத்தை முறிக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகிறது. அதற்குள் அடுத்த வாய் இனிப்புத் தேநீர் உள்ளே போனால், பல்லுக்கு மீள நேரமே கிடைப்பதில்லை. ஸ்வீடனில் விப்பெஹோல்ம் என்ற, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களின் காப்பகத்தில் 1940களில் நடந்த ஆய்வு இதைத்தான் காட்டியது: சாப்பாட்டோடு உண்ட சர்க்கரையைவிட, சாப்பாட்டுக்கு இடையே உண்ட ஒட்டும் மிட்டாய்களே சொத்தையைப் பெருமளவில் உண்டாக்கின. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத நோயாளிகளை வைத்து நடத்தப்பட்ட அந்த ஆய்வை இன்றைய நெறிமுறைகள் ஒருபோதும் அனுமதிக்கமாட்டா; முடிவு மட்டும் இன்றும் நிற்கிறது.

ஆகவே முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு வாரத்துக்கு, தண்ணீர் தவிர வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதி, இனிப்பு உள்ளதற்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ கடையில் வேலை செய்யும் ஒருவரின் நாள் இப்படி இருக்கலாம்: காலை ஆறு மணிக்கு டின்பால் தேநீர், எட்டு மணிக்கு ரஸ்க் தோய்த்து இன்னொரு தேநீர், பத்து மணிக்குக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் திறந்து வைத்த ஒரு கேன் கோலா, அதை மதியம் பன்னிரண்டு வரை மிடறு மிடறாகக் குடிப்பது, மாலையில் பிஸ்கட், படுக்கப்போகும் முன் சர்க்கரை போட்ட பால். இதில் எடைக்கணக்கு ஒன்று, பல்கணக்கு வேறு. நூறு மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை உள்ள 330 மில்லி கேனில் ஏறக்குறைய 35 கிராம், அதாவது ஒன்பது தேக்கரண்டி சர்க்கரை இருக்கிறது. சேர்க்கப்படும் சர்க்கரையும் சாறு, தேன் ஆகியவற்றில் உள்ள சர்க்கரையும் நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2015இல் பரிந்துரைத்தது. ஒருவருக்கு நாளுக்கு 8,400 கிலோஜூல் தேவை என்று கொண்டால், அது சுமார் 50 கிராம். அந்த ஒரு கேனே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதைச் சாப்பாட்டோடு ஐந்து நிமிடத்தில் குடித்தாலும் இரண்டு மணி நேரம் இழுத்தாலும் எடைக்கு ஒன்றுதான், பல்லுக்கு அப்படியல்ல.

பொட்டலத்தின் பின்பக்கத்தில், மாவுச்சத்துக்குக் கீழே மொத்தச் சர்க்கரை என்று தனி வரி இருந்தால், 100 கிராமுக்கோ 100 மில்லிக்கோ உரிய எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். பரிமாறும் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தென்னாப்பிரிக்காவில் ஏப்ரல் 1, 2018 முதல் இனிப்புப் பானங்களுக்குச் சர்க்கரை வரி இருக்கிறது. 100 மில்லிக்கு 4 கிராமைத் தாண்டும் சர்க்கரைக்கு அது விதிக்கப்படுகிறது. சர்க்கரை சேர்க்காத முழுப் பழச்சாற்றுக்கு அந்த வரி இல்லை. வரி இல்லை என்பதைப் பல்லுக்குத் தீங்கில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எடைப் பக்கத்தை நீட்ட வேண்டியதில்லை. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்: 1.65 மீட்டர் உயரமும் 72 கிலோ எடையும் உள்ளவருக்கு 26.4 வரும். இதுதான் பிஎம்ஐ எனப்படும் உடல் நிறை குறியீட்டு எண். இந்திய வம்சாவளியினருக்கு 23 என்ற எண்ணிலிருந்தே நீரிழிவு அபாயம் ஏறுவதால், பொதுவான எல்லையான 25 வரை காத்திருக்காமல் இடுப்புச் சுற்றளவையும் அளந்துகொள்ளுங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

எடை குறைக்கத் தொடங்கியவர்கள்தான் பல்லை அதிகம் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வெறும் வயிற்றில் தேன் கலந்த எலுமிச்சைச் சாறு என்பது அமிலமும் சர்க்கரையும் சேர்ந்த கலவை. அதைக் குடித்த கையோடு பல் துலக்குவது, இளகிய எனாமலைத் தேய்த்து எடுப்பதற்குச் சமம். ஆப்பிள் சைடர் வினிகரும் அப்படியே. நாளுக்கு ஆறு சிறு வேளை என்ற உணவுத் திட்டம், அந்த ஆறிலும் பேரீச்சையும் உலர்திராட்சையும் இனிப்புத் தயிரும் இருக்குமானால், பற்களுக்கு ஆறு தாக்குதல். சர்க்கரையில்லாக் கோலா எடைக்கு உதவலாம், சொத்தைக்கும் தீனி போடாது. ஆனால் அதன் அமிலம் எனாமலை அரிக்கும். இவற்றுக்குப் பதில் மூன்று வேளை உணவை நிறைவாக உண்டு, இடையில் தண்ணீரோ சர்க்கரை போடாத ரூய்போஸ் தேநீரோ குடிப்பது இரண்டு கணக்குக்கும் பொருந்தும்.

எடை குறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும், இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்கும், உடல் பருமனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் வயிற்று அமிலம் வாய்வரை வரக்கூடும். வாந்தி எடுத்ததும் பிரஷைத் தொடாமல், ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் வாயை உலர்த்தும். உமிழ்நீர் குறைந்தால் சொத்தை விரையும். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

புரட்டாசி விரதத்தில் இறைச்சியை விலக்குவதால் எடை இறங்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் பாயசமும் சர்க்கரைப் பொங்கலும் வீட்டுக்கு வீடு பரிமாறப்படும் மாதமும் அதுதான். பிரசாதத்தை மறுக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்துவந்து சாப்பாட்டோடு உண்டால், புள்ளி ஒன்று குறையும்.

எதிர்த்திசையிலும் ஒரு பாதை உண்டு. கடைவாய்ப் பற்களை இழந்தவர்கள் காரட், கீரைத்தண்டு, பயறு, இறைச்சி ஆகியவற்றைத் தவிர்த்து, வெள்ளை ரொட்டி, கேக், மசித்த உருளைக்கிழங்கு என்று மெல்ல வேண்டாத உணவுக்கு மாறுகிறார்கள்; அதனால் சிலருக்கு எடை ஏறுகிறது. முதியவர்களிடம் இதற்கு நேர்மாறாக நடப்பதுண்டு. வீட்டில் ஆயாவோ தாத்தாவோ காரணமில்லாமல் மெலிந்துகொண்டே போனால், மற்றச் சோதனைகளோடு அவர்கள் எந்தப் பக்கம் மெல்லுகிறார்கள், பொய்ப்பல் ஈற்றைக் குத்துகிறதா என்பதையும் பாருங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் உதட்டை விலக்கி, பல்லின் மேல்பரப்பைத் துணியால் துடைத்து உலர்த்திக் கண்ணாடியில் பாருங்கள். ஈறு ஓரத்தில் சுண்ணாம்பு பூசியது போன்ற மங்கலான வெண்திட்டு தெரிந்தால், அது குழி விழாத தொடக்கநிலைச் சொத்தை. ஃபுளோரைடால் அதைத் தடுத்து நிறுத்த முடியும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும், ஏனெனில் வேர் எனாமலைவிட லேசான அமிலத்திலேயே கரையும். 1,350 முதல் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு உள்ள பற்பசையால் இரவு படுக்கும் முன்னும் பகலில் இன்னொரு முறையும் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டுத் தண்ணீரால் கொப்பளிக்காமல் விடுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது அந்த நோட்டையும் மாத்திரைப் பட்டியலையும் கொண்டுபோங்கள். வலி பொறுக்க முடியாமல் போன பிறகு சென்றால், பல்லைப் பிடுங்குவதே பெரும்பாலும் முடிவாகிவிடும். வலிக்கும் முன்னரே சென்று, அடைக்க முடியுமா என்று கேளுங்கள். குழியை அடைப்பதற்கும் சுத்தம் செய்வதற்கும் பல் சிகிச்சையாளர் (டென்டல் தெரபிஸ்ட்) போதும். டர்பனிலேயே குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. வேர் சிகிச்சை தேவைப்பட்டால் பல் மருத்துவரிடம் அனுப்புவார்கள். நீரிழிவு இருந்தால் கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஈறு சிகிச்சைக்கு முன் அதைக் கேட்பார்கள்.